ஊர்க் கல்லூரி தரும் பட்டம்: கலிபோர்னியாவில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,



ஆண்டுதோறும் மார்ச்சு மாதம் பிறந்துவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் நம் வீடுகளில் சர்வகலாசாலைகளின் முடிவுகளைப் பற்றிய பேச்சைத் தவிர வேறு பேச்சுக்கு இடமிருப்பதில்லை. பெர்க்லி கிடைத்ததா, லாஸ் ஏஞ்சல்ஸ் கிடைத்ததா, அதுவும் இல்லாவிட்டால் சான் டியேகோவாவது கிடைத்ததா என்று தமிழ்ச் சங்க விழாக்களிலும் கோயில் பிரகாரங்களிலும் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்ளும் அந்த நாட்களில், தம் மகனோ மகளோ பக்கத்து ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் சேரப் போவதாகச் சொல்ல நேர்கிற பெற்றோர் குரலைத் தாழ்த்திக்கொண்டு அதைச் சொல்வதையும், கேட்பவர்கள், "இரண்டு வருஷம்தானே, பிறகு நல்ல இடத்துக்கு மாறிக்கொள்ளலாம்" என்று ஆறுதல் கூறுவதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த ஆறுதலில் அடங்கியிருக்கும் அபிப்பிராயம் நியாயமானதன்று என்பதையும், கடந்த பத்தாண்டுகளில் இந்த மாநிலத்தின் கல்வித் துறையில் நிகழ்ந்திருக்கும் ஒரு பெரிய மாறுதல் நம்மில் பலருடைய கவனத்துக்கு வராமலே போயிருக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

அந்த மாறுதலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாண்டுப் படிப்போடு நின்றுவிடும் இடங்கள் என்று நாம் எண்ணிப் பழகியிருக்கும் சமுதாயக் கல்லூரிகள், தாம் இருக்கும் பிரதேசத்தின் தொழில்களுக்கு எத்தகைய ஆட்கள் தேவையோ அத்தகைய ஆட்களைத் தயார் செய்வதற்காக, நான்காண்டு இளங்கலைப் பட்டங்களைத் தாமே வழங்கத் தொடங்கியிருக்கின்றன. வேறொரு சர்வகலாசாலையின் பெயரால் அல்லாமல், தத்தம் பெயரிலேயே, அங்கீகாரக் குழுவின் முறையான சம்மதத்தோடு அவை இந்தப் பட்டங்களைத் தருகின்றன. இது எவ்வாறு நேர்ந்தது, இதனால் யாருக்குப் பிரயோஜனம், இதில் நமக்கு என்ன கடமை என்ற மூன்று விஷயங்களையும் முறையாகச் சொல்ல விரும்புகிறேன்.

இக்கல்லூரிகளின் சரித்திரம் நாம் நினைப்பதைவிடப் பழையது. இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901 ஆம் ஆண்டில், சர்வகலாசாலைப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை உள்ளூரிலேயே கற்பிக்கும் ஏற்பாடு ஒன்று தொடங்கிற்று. கலிபோர்னியா 1907 இல் இயற்றிய சட்டம், உயர்நிலைப் பள்ளிகளே அத்தகைய வகுப்புகளை நடத்தலாம் என்று அனுமதி தந்தது. அந்த அனுமதியைப் பயன்படுத்திக்கொண்டு 1910 இல் முதன்முதலாக முன்வந்தது, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த பிரெஸ்னோ நகரம். குடும்பத்தையும் நிலத்தையும் விட்டுப் பிள்ளைகளைத் தூர தேசத்துக்கு அனுப்ப வசதியில்லாத விவசாயிகளும் வியாபாரிகளும் தங்கள் ஊருக்கே கல்வியை வரவழைத்துக்கொண்டார்கள் என்பதே இந்த ஸ்தாபனங்களின் பிறப்பு வரலாறு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழு 1947 இல் தன் அறிக்கையை வெளியிட்டபோதுதான் சமுதாயக் கல்லூரி என்ற பெயர் நாடெங்கும் வழக்குக்கு வந்தது.

பிறகு 1960 இல், கிளார்க் கெர் கலிபோர்னியா சர்வகலாசாலையின் தலைவராக இருந்த காலத்தில், இம்மாநிலத்தின் உயர்கல்விக்கு ஒரு மூலத் திட்டம் வகுக்கப்பட்டது. பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா சர்வகலாசாலையும், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகளும், கற்றுப் பயனடையக்கூடிய ஏனைய அனைவருக்கும் சமுதாயக் கல்லூரிகளும் என்று அத்திட்டம் வகுத்த பாகுபாடு, உலகத்தின் பல நாடுகள் வியந்து பார்த்த ஓர் ஏற்பாடாகும். எவரையும் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பாத கல்லூரி ஒன்று ஒவ்வொரு பிரதேசத்திலும் இருக்க வேண்டும் என்ற உயர்ந்த எண்ணம் அதிலே இருந்தது. இன்று 116 கல்லூரிகளாகப் பெருகி, ஏறக்குறைய 20 லட்சம் மாணவர்களுக்கு அவை கல்வி தருகின்றன. ஆயினும் அதே பாகுபாடு, பட்டம் வழங்கும் அதிகாரத்தைச் சர்வகலாசாலைகளுக்கும் மாநிலக் கல்லூரிகளுக்கும் உரியதாக்கி, சமுதாயக் கல்லூரிகளின் எல்லையை இரண்டாண்டோடு வரையறுத்தும் வைத்தது. அரை நூற்றாண்டுக் காலம் அந்த வரையறை எவருக்கும் பெரிய குறையாகத் தோன்றவில்லை.

குறை தோன்றியது தொழில்களின் பக்கத்திலிருந்து. முன்பு இரண்டாண்டுப் படிப்போ, சான்றிதழோ போதும் என்றிருந்த உத்தியோகங்கள் பலவற்றுக்கு, கருவிகளின் நுட்பமும் சட்டங்களின் சிக்கலும் பெருகப் பெருக, இளங்கலைப் பட்டம் வேண்டுமென்று முதலாளிகள் கேட்கத் தொடங்கினார்கள். பல் சுகாதாரத் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். பல் மருத்துவரிடம் போகும்போது நம் பற்களைச் சுத்தம் செய்து, ஈறுகளைச் சோதித்து, நோயின் அறிகுறிகளை முதலில் கண்டு சொல்கிற அந்த நிபுணர், உடற்கூறும் நுண்ணுயிரியலும் இரசாயனமும் முன்கூட்டியே படித்துத் தேறி, அதன்பின் இரண்டு ஆண்டுகள் கடுமையான தொழிற்பயிற்சியும் பெற்று வெளியே வரும்போது, நான்காண்டுப் பட்டதாரி ஒருவர் படித்ததற்குக் குறையாத காலத்தைப் படிப்பிலேயே கழித்திருப்பார். ஆனால் அவர் கையில் இருந்ததோ இரண்டாண்டு அசோசியேட் பட்டம் மட்டுமே. தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவனைப் பார்த்து, நீ பாதி வீதிதான் இழுத்தாய் என்று சொல்வதற்கு ஒப்பான அநீதி இது. அந்தப் பட்டக் குறையினால், பள்ளிகளிலும் பொதுச் சுகாதார இலாகாக்களிலும் கற்பிக்கும் பதவிகளிலும் முன்னேறும் வழி அவர்களுக்கு அடைபட்டே கிடந்தது.

மற்ற மாநிலங்கள் இந்தக் குறையை நமக்கு முன்னரே உணர்ந்தன. நெவாடா மாநிலத்தில் தங்கச் சுரங்கங்களுக்கு நடுவே இருக்கும் எல்கோ என்ற சிற்றூரின் கல்லூரி, தன் பிரதேசத்துப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தானே தயாரித்துக்கொள்வதற்காக, தொண்ணூறுகளின் இறுதியிலேயே இளங்கலைப் பட்டம் தரலாயிற்று. புளோரிடாவில் 1927 இல் தொடங்கப்பட்ட செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஜூனியர் கல்லூரி, 2001 இல் சட்டத்தின் அனுமதி பெற்று நான்காண்டுக் கல்லூரியாயிற்று. வாஷிங்டன் மாநிலம் 2005 இல் அதே வழியில் இறங்கிற்று. கலிபோர்னியாவோ நிதானமாக நடந்தது. மாநில செனட் உறுப்பினர் மார்ட்டி பிளாக் கொண்டுவந்த மசோதாவில் ஆளுநர் ஜெர்ரி பிரௌன் 2014 இல் கையொப்பமிட்ட பின்னர், 15 கல்லூரிகளில், கல்லூரிக்கு ஒரு பட்டம் வீதம், பரீட்சார்த்தமாக இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அந்தப் பரீட்சையில் நம்பிக்கை பிறக்கவே, சட்டசபை உறுப்பினர் ஹோசே மெடினா கொண்டுவந்த மசோதா 2021 இல் சட்டமாகி, அதை நிரந்தரமாக்கியதோடு, ஆண்டுக்கு 30 புதிய பட்டங்கள் வரை அனுமதிக்கவும் வழி செய்தது. அரசாங்கச் சர்வகலாசாலைகள் ஏற்கெனவே தருகிற பட்டத்தை மறுபடியும் தருவதாக இருக்கலாகாது; அந்தப் பிரதேசத்தில் அந்தத் தொழிலுக்கு ஆட்கள் தேவை என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்பவை அதன் பிரதான நிபந்தனைகள்.

இந்த இரண்டாவது நிபந்தனையின் மகத்துவத்தை நன்கு உணர்ந்துகொள்ள வேண்டுமானால், எந்த ஊரில் எந்தப் பட்டம் தரப்படுகிறது என்பதைச் சற்றே பார்க்க வேண்டும். பாம்டேல் நகரத்துப் பாலைவனத்தில் யுத்த விமானங்களைக் கட்டி முடிக்கும் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. அதற்கு அடுத்த லாங்காஸ்டரில் உள்ள ஆன்டிலோப் வேலி கல்லூரி, விமானத்தின் உடற்கூட்டை உருவாக்கும் தொழில்நுட்பத்தில் பட்டம் தருகிறது. எண்ணெய்க் கிணறுகளும் விரிந்த வயல்களும் நிறைந்த கெர்ன் கவுண்டியில் பேக்கர்ஸ்பீல்டு கல்லூரி, தானாக இயங்கும் தொழிற்சாலை இயந்திரங்களை ஆளும் வித்தையில் பட்டம் தருகிறது. உயிரணுக்களை வளர்த்து மருந்து உண்டாக்கும் ஆலைகள் இருக்கும் வாக்கவில்லில் சொலானோ கல்லூரியும், தெற்கே ஓஷன்சைடில் மிராகோஸ்டா கல்லூரியும் அந்த மருந்து உற்பத்திக் கலையையே பட்டப் படிப்பாக்கியிருக்கின்றன. சான் புரூனோவின் ஸ்கைலைன் கல்லூரியும் மொடெஸ்டோ கல்லூரியும் சுவாசச் சிகிச்சையில் பட்டம் தருகின்றன. மூச்சுத் திணறி வருபவரின் உயிரை இயந்திரத்தின் துணையோடு காக்கும் அந்த நிபுணர்களின் அருமையை, பெருந்தொற்றுக் காலத்தைக் கடந்து வந்த நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம்மவர் திரளாக வாழும் கூப்பர்டினோவுக்கும் சன்னிவேலுக்கும் உரிய கல்லூரி மாவட்டத்திலேயே, லாஸ் ஆல்ட்டோஸ் ஹில்ஸில் உள்ள புட்ஹில் கல்லூரி, நான் மேலே சொன்ன பல் சுகாதாரத் துறையில் 2018 முதல் இளங்கலைப் பட்டதாரிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. நம் வீட்டுச் சொத்து வரியில் ஒரு பகுதி அந்தக் கல்லூரிக்குப் போகிறது என்பதை அறிந்திருக்கும் நம்மில் எத்தனை பேர் இந்தச் செய்தியையும் அறிந்திருக்கிறோம்?

இவற்றுள் ஓர் ஊரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதி கோருகிறேன். சியரா நெவாடா மலைத் தொடரின் வட பகுதியில், பைன் மரக்காடுகளால் சூழப்பட்ட பிளூமாஸ் கவுண்டியின் தலைநகரான குவின்சி, சில ஆயிரம் பேரே வசிக்கும் சிற்றூர். 2021 ஆம் ஆண்டின் கோடையில் அந்தக் கவுண்டியில் பரவிய டிக்சி நெருப்பு, ஒன்பதரை லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்துத் தீர்த்ததோடு, பக்கத்திலிருந்த கிரீன்வில் என்ற ஊரையும் பெரும்பாலும் சாம்பலாக்கிவிட்டது. நெருப்பு எங்கே தோன்றினாலும் உடனே அணைத்துவிட வேண்டும் என்ற கொள்கையை நூறாண்டுக் காலம் விடாமல் அனுசரித்ததனால், சிறு தீயில் அவ்வப்போது எரிந்து கழிந்திருக்க வேண்டிய சருகும் புதரும் இளமரமும் மண்டிக் கிடந்து, பெருந்தீக்கு இரையாகக் காத்திருந்தன என்பதை வன சாஸ்திரிகள் இன்று ஒப்புக்கொள்கிறார்கள். அப்பிரதேசத்தின் பூர்வகுடிகளான மைது மக்கள், காலமும் காற்றும் அறிந்து தாமே சிறு தீ மூட்டிக் காட்டைக் காத்து வந்த முறையின் விவேகமும் இப்போதுதான் மதிக்கப்படுகிறது. ஆண்டுக்கு 10 லட்சம் ஏக்கர் காட்டை இவ்வாறு சீர்படுத்த வேண்டும் என்று மாநில அரசும் மத்திய அரசின் வன இலாகாவும் 2020 இல் உடன்படிக்கை செய்துகொண்டன. செய்துகொண்டவர்கள் தலைநகரங்களில் இருந்தார்கள். எந்தச் சரிவில் எந்த மாதத்தில் தீ வைக்கலாம், எந்த மரத்தை வெட்டலாம், எதை விடலாம் என்று நிதானித்துச் செய்யக்கூடிய படித்த ஆட்களோ அந்த மலைகளில் போதுமான அளவு இல்லை.

குவின்சியில் இருக்கும் பெதர் ரிவர் கல்லூரி, சுற்றுச்சூழலைச் சீரமைப்பதிலும் தீயை ஆளுவதிலும் இளங்கலைப் பட்டம் ஒன்றை வகுத்து 2023 இல் அனுமதி பெற்றது இந்தத் தேவையை முன்னிட்டே. வட கலிபோர்னியாவின் மறு கோடியில், கடற்கரையை ஒட்டியிருக்கும் ஹம்போல்டு சர்வகலாசாலை, தானும் அதுபோன்ற படிப்பைத் தொடங்கப் போவதால் இது இரட்டிப்பாகும் என்று ஆட்சேபித்தது. அந்த ஆட்சேபத்தை நான் அலட்சியமாகச் சொல்லவில்லை; பொதுப் பணத்தைச் செலவிடும் ஸ்தாபனங்கள் ஒன்றின் வேலையை ஒன்று செய்யாதிருப்பது அவசியந்தான். ஆனால் இரண்டு ஊர்களுக்கும் இடையே மலைப் பாதையில் 200 மைலுக்கு மேற்பட்ட தூரம் இருக்கிறது. தன் வீட்டை நெருப்புக்குக் கொடுத்துவிட்டு, வயதான தாய் தந்தையரோடு அதே மண்ணில் மீண்டும் வாழத் தீர்மானித்திருக்கும் ஓர் இளைஞனை, அந்த மண்ணைக் காக்கும் வித்தையைக் கற்பதற்காக 200 மைலுக்கு அப்பால் போய் நான்கு ஆண்டுகள் இரு என்று சொல்வதும், கற்காதே என்று சொல்வதும் பலனளவில் ஒன்றே. படிக்கப் போனவன் அங்கேயே தங்கிவிட்டால், அதனால் நஷ்டமடைவது குவின்சிதான்.

இந்த இடத்தில் நம் சொந்த அனுபவத்தை நினைத்துப் பார்க்குமாறு உங்களை வேண்டுகிறேன். தமிழ்நாட்டில் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு படித்து டிப்ளமோ வாங்கியவர்கள் நம் குடும்பங்களில் அநேகர் உண்டு. தொழிற்சாலையில் இயந்திரத்தின் நாடியை அறிந்தவர்களாக இருந்தும், பட்டம் பெற்றுப் புதிதாக வந்த பொறியாளருக்குக் கீழேயே காலமெல்லாம் பணி செய்து ஓய்வு பெற்ற சித்தப்பாக்களையும் மாமாக்களையும் நாம் அறிவோம். டிப்ளமோ படித்தவர்கள் பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்ற வழி திறந்தபோது அது எத்தனை குடும்பங்களின் அந்தஸ்தை உயர்த்தியது என்பதையும் அறிவோம். கல்வி சென்னைப் பட்டணத்தோடு நின்றுவிடாமல் சிற்றூர்களுக்கு வந்ததனால்தான் நம்மில் பலர் கடல் கடக்கும் தகுதி பெற்றோம். காரைக்குடியில் 1947 இல் கல்லூரி ஏற்படுத்திய வள்ளல் அழகப்பச் செட்டியார், மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் தம் ஊருக்கு வரவேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். வறண்ட பூமியிலே ஓர் ஆய்வுக் கூடம் எதற்கு என்று அன்று கேட்டவர்களுக்குக் காலம் பதில் சொல்லிவிட்டது. ஊருக்குக் கல்லூரி வருவதன் பெருமையைப் பரம்பரையாக அறிந்திருக்கும் நாம், வந்து குடியேறிய ஊரின் கல்லூரியை மட்டும் தாழ்வாக எண்ணுவது பொருந்துமா?

இந்தப் பட்டங்களைத் தேடி வருகிறவர்கள் யார் என்பதும் சிந்திக்கத்தக்கது. பகலில் உத்தியோகம் பார்ப்பவர்கள், குழந்தைகளை வளர்ப்பவர்கள், பெற்றோரைப் பராமரிப்பவர்கள், பள்ளிப் படிப்பு முடிந்து பல வருஷங்களுக்குப் பின் மறுபடியும் புத்தகத்தைக் கையில் எடுப்பவர்கள் முதலிய, ஊரை விட்டு நகர முடியாத மக்களே இவர்களில் ஏராளமானோர். பரீட்சார்த்தத் திட்டத்தை ஆராய்ந்த மாநிலச் சட்டசபையின் ஆய்வு அலுவலகம் 2020 இல் தந்த அறிக்கையில், விசாரிக்கப்பட்ட மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், இந்தக் கல்லூரியில் இந்தப் பட்டம் இல்லாதிருந்தால் தாங்கள் பட்டப் படிப்புக்கே போயிருக்க மாட்டோம் என்று கூறியதாகக் கண்டிருக்கிறது. அப்படியானால் இக்கல்லூரிகள் சர்வகலாசாலைகளின் மாணவர்களைப் பறித்துக்கொள்வதாகச் சொல்லும் குற்றச்சாட்டுக்கு எவ்வளவு பலம் இருக்க முடியும்? செலவையும் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் இரண்டாண்டின் 60 யூனிட்டுகளுக்கு யூனிட் ஒன்றுக்கு 46 டாலர். பிந்திய இரண்டாண்டின் 60 யூனிட்டுகளுக்கு மேலும் 84 டாலர் சேர்த்து 130 டாலர். ஆக, நான்காண்டுக்கும் கல்விக் கட்டணம் 10,560 டாலர். மாநிலச் சர்வகலாசாலையிலே ஓர் ஆண்டுக்கே 6,000 டாலருக்கு மேல் ஆகிறது. ஊரிலேயே தங்கிப் படிப்பதனால் விடுதிச் செலவும் மிஞ்சுகிறது. கடன் என்ற சுமை இல்லாமல் வாழ்க்கையைத் தொடங்கும் இளைஞன், சம்பளத்தை மட்டும் பார்க்காமல் தன் மனத்துக்கு இசைந்த வேலையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தையும் உடன் பெறுகிறான்.

ஆட்சேபங்கள் இன்னும் சில உண்டு. அவற்றை மறைத்துவிட்டு உங்களை இணங்கச் செய்ய நான் விரும்பவில்லை. பட்டம் ஒரு பிரதேசத்தின் இன்றைய தொழிலோடு இறுகப் பிணைக்கப்பட்டால், நாளை அந்தத் தொழில் நலிந்தபோது பட்டதாரியின் கதி என்ன என்பது ஒன்று. இது நேர்மையான அச்சம். அதனால்தான் இந்தப் பட்டங்களில் மேல்நிலைப் பொதுக் கல்வியும் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. எழுதவும் வாதிக்கவும் எண்களை ஆராயவும் தர்மாதர்மங்களைச் சிந்திக்கவும் பழகிய ஒருவன், தொழில் மாறினாலும் தடுமாறமாட்டான். அந்தப் பொதுக் கல்விப் பகுதி ஒருநாளும் குறைந்துவிடலாகாது என்று கல்லூரிகளை வற்புறுத்துவது நம்மைப் போன்ற பெற்றோரின் கடமையாகும். மேற்படிப்புக்கு இந்தப் பட்டம் செல்லுமா என்பது மற்றொன்று. அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் பட்டம் ஆதலால் முதுகலைப் படிப்புக்கு மனுச் செய்யத் தடையில்லை. ஆயினும் தொழில் சார்ந்த பட்டம் ஆதலால், குறிப்பிட்ட முதுகலைப் படிப்புகள் கேட்கும் முன் பாடங்கள் சிலவற்றைத் தனியே படிக்க நேரலாம். சேர்வதற்கு முன்பே ஆலோசகரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் விவேகம். அணுவியலிலோ தத்துவத்திலோ ஆராய்ச்சி செய்யத் துடிக்கும் பிள்ளையை இங்கே அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை; ஒவ்வொரு பிள்ளையின் சுபாவத்துக்கும் ஏற்ற இடம் ஒன்று உண்டு என்றும், இதுவும் அந்த இடங்களில் ஒன்று என்றுமே சொல்கிறேன்.

மூன்றாவது ஆட்சேபம் நாம் வெளியே சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருப்பது. அது கௌரவத்தைப் பற்றியது. எத்தனை பேரை உள்ளே விடாமல் தடுத்தது என்பதை வைத்தே ஒரு கல்விச் சாலையின் பெருமையை அளக்கும் பழக்கம் நமக்கு எப்படியோ படிந்துவிட்டது. நம்முடைய தலைமுறை, ஆயிரக்கணக்கானோர் எழுதிய நுழைவுத் தேர்வுகளில் சிலரே தேறும் முறையில் வளர்ந்தபடியால், இடம் கிடைக்காதவர்கள் மிகுந்திருக்கும் இடமே சிறந்த இடம் என்று நம்பிவிட்டோம். ஆனால் ஒரு மருத்துவமனையை, எத்தனை நோயாளிகளைத் திருப்பி அனுப்பியது என்பதைக் கொண்டு நாம் மதிப்பிடுவதில்லை. கல்லூரியையும், சேர்ந்தவர்களை எவ்வளவு தூரம் உயர்த்தியது, தான் இருக்கும் ஊருக்கு என்ன செய்தது என்ற இரண்டு கேள்விகளைக் கொண்டு மதிப்பிடுவதே தர்மம். அந்த அளவுகோலைக் கையிலெடுத்தால், நாம் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டிய அவசியம் இல்லாமல் போகும்.

செவிலியர் கல்வியைப் பற்றி ஒரு வார்த்தை தனியே சொல்லியாக வேண்டும். இரண்டாண்டு அசோசியேட் பட்டம் பெற்ற செவிலியரும் நான்காண்டுப் பட்டம் பெற்ற செவிலியரும் எழுதுகிற உரிமத் தேர்வு ஒன்றே; ஆயினும் பெரிய மருத்துவமனைகள் பல, நான்காண்டுப் பட்டதாரிகளையே விரும்பி நியமிக்கின்றன. வாஷிங்டனிலும் புளோரிடாவிலும் சமுதாயக் கல்லூரிகளே செவிலியருக்கு இளங்கலைப் பட்டம் தருகின்றன. கலிபோர்னியாவில், பத்து மாவட்டங்கள் வரை இதைப் பரீட்சார்த்தமாகச் செய்ய அனுமதிக்கும் மசோதாக்கள் சட்டசபையில் நிறைவேறிய பின்னும், ஏற்கெனவே சர்வகலாசாலைகளும் கல்லூரிகளும் கூட்டாக நடத்தும் ஏற்பாடுகள் இதனால் குலைந்துவிடக்கூடும் என்ற காரணத்தைக் காட்டி, ஆளுநர் கேவின் நியூசம் 2024 செப்டம்பரில் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். கூட்டு முயற்சி நல்லதே. ஆனால் பக்கத்தில் சர்வகலாசாலையே இல்லாத மத்தியப் பள்ளத்தாக்கின் ஊர்களுக்கும் வடக்கு மலை ஊர்களுக்கும் கூட்டாளி எங்கிருந்து கிடைப்பார்? முதியோர் பெருகிவரும் இம்மாநிலத்தில், அந்த ஊர்களின் ஆஸ்பத்திரிகளில் இராக் காவல் இருக்கும் செவிலியர் அந்த ஊர்களிலேயே கற்றுத் தேறியவராக இருப்பது நன்மை என்ற என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் தென்படவில்லை. இந்த விஷயம் மறுபடியும் சட்டசபைக்கு வரும்போது, நம் பிரதிநிதிகளுக்கு நாம் எழுத வேண்டும்.

இனி, உங்களிடம் நான் கேட்டுக்கொள்வன இவை. முதலாவதாக, உங்கள் கல்லூரி மாவட்டம் எது, அதில் என்னென்ன பட்டங்கள் உண்டு என்பதைப் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் தெரிந்துகொண்டு, அவனையோ அவளையோ ஒருமுறை அங்கே அழைத்துச் சென்று, ஆய்வுக் கூடங்களையும் பட்டறைகளையும் காட்டுங்கள். காட்டும்போது, மற்ற சர்வகலாசாலைகளைக் காட்டும் அதே உற்சாகத்தோடு காட்டுங்கள். இரண்டாவதாக, கம்பெனிகளில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் உங்களில் பலர் இருக்கிறீர்கள். சமுதாயக் கல்லூரிப் பட்டதாரி ஒருவரின் மனு மேசைக்கு வரும்போது, கல்லூரியின் பெயரைப் பார்த்து அதை ஒதுக்காமல், அவர் கற்றதைக் கேட்டறிந்து முடிவு செய்யுங்கள். இக்கல்லூரிகளின் தொழிற்கல்விப் பிரிவுகளுக்கு ஆலோசனைக் குழுக்கள் உண்டு. மருந்து உற்பத்தியிலும் இயந்திரத் துறையிலும் மருத்துவத்திலும் தேர்ந்த நம்மவர் அவற்றில் அங்கம் வகித்து, இன்று தொழில் எதைக் கேட்கிறது என்பதை ஆசிரியர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

மூன்றாவதாக, ஒவ்வொரு கல்லூரி மாவட்டத்தையும் ஆள்பவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அறங்காவலர்கள். வாக்குச் சீட்டின் அடிப்பகுதியில் இருக்கும் அந்தப் பெயர்களை நம்மில் பலர் வெறுமனே விட்டுவிடுகிறோம். எந்தப் பட்டம் தொடங்கலாம், எதற்குப் பணம் ஒதுக்கலாம் என்று தீர்மானிப்பவர்கள் அவர்களே. கட்டடங்களுக்கும் கருவிகளுக்கும் வேண்டிய கடன் பத்திரங்கள் 55 சதவீத வாக்கு பெற்றால்தான் நிறைவேறுகின்றன. வாக்குரிமை உள்ளவர்கள் அந்த இடத்தில் நிதானித்து வாக்களியுங்கள். வாக்குரிமை இன்னும் பெறாதவர்களும், அறங்காவலர் சபையின் கூட்டங்களுக்குச் சென்று பேசும் உரிமை பெற்றவர்களே. வரி கட்டும் குடும்பத்தின் குரலுக்கு அங்கே மதிப்பு உண்டு.

நாம் இந்த நாட்டுக்கு வந்து கல்வியினால் உயர்ந்தவர்கள். உயர்ந்த பின், நமக்கு அருகில் வாழும் உழைப்பாளர் குடும்பங்களின் பிள்ளைகளும், மலையிலும் பாலைவனத்திலும் வயலோரத்திலும் இருக்கும் ஊர்களின் பிள்ளைகளும் தத்தம் இடத்திலேயே உயர்வதற்கு உதவும் ஸ்தாபனங்களைத் தாங்குவது, நாம் பெற்ற கல்விக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் என்று நான் நம்புகிறேன். அந்த ஸ்தாபனங்களில் நம் பிள்ளைகளும் படிக்கட்டும். வருகிற மார்ச்சு மாதத்தில் ஒரு பெற்றோர் உங்களிடம் வந்து, என் மகள் புட்ஹில் கல்லூரியில் பட்டப் படிப்புக்குச் சேர்கிறாள் என்று சொன்னால், எந்தத் துறை என்று கேட்டு, மனமார வாழ்த்துச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
சக தமிழன் ஒருவன்